ஒரே அலுவலகத்தில் விண்டோஸும் லினக்ஸும்

1998 வாக்கில் விண்டோஸ் கணினிகளுக்கு நடுவே ஒரு லினக்ஸ் சர்வரைக் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு முதல் தலைவலி பாஸ்வேர்டுதான். சரியாக அடித்தாலும் உள்ளே விடாது. என்.டி. 4.0-க்கு வந்த மூன்றாம் சர்வீஸ் பேக்கும், அடுத்து வந்த விண்டோஸ் 98-உம் பாஸ்வேர்டை அப்படியே வெளிப்படையாக அனுப்புவதை நிறுத்தியிருந்தன. லினக்ஸ் பக்கம் கோப்புகளைப் பகிர்ந்த சாம்பா மென்பொருளோ, நாமாக மாற்றிவைக்காதவரை வெளிப்படையான பாஸ்வேர்டைத்தான் எதிர்பார்த்தது. சர்வரில் மறையாக்கத்தை இயக்குவது நல்ல வழி. ஒவ்வொரு விண்டோஸிலும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி, பாஸ்வேர்டை மறுபடி வெளிப்படையாக அனுப்பச் செய்வது குறுக்கு வழி. குறுக்கு வழிக்கே ஆள் அதிகம்.

அடுத்த தொல்லை, நெட்வொர்க்கில் உள்ள கணினிகளைப் பட்டியலிடும் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்'. கணினிகள் தங்களுக்குள் தேர்தல் வைத்து, பட்டியலைப் பராமரிக்க ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 'நான் இருக்கிறேன்' என்று ஒவ்வொன்றும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். மூன்று அறிவிப்பு தவறினால்தான் பெயர் நீங்கும். அணைத்துவிட்ட கணினி அரை மணி நேரம் பட்டியலில் நிற்கும். ஓடுகிற கணினி காணாமல் போயிருக்கும். இதை அறியாதவர்கள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே கோப்பு கைமாறியதே பெரிய சாதனை என்பேன். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், 1990-களின் தொடக்கத்தில், கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்துக் கவனித்தே, விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் எஸ்.எம்.பி. நெறிமுறையைப் புரிந்துகொண்டு சாம்பாவுக்கு வித்திட்டார். மைக்ரோசாஃப்டிடமிருந்து அந்த நெறிமுறையின் முழு விவரம் சாம்பா குழுவின் கைக்கு வர ஐரோப்பிய ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு ஆணையும், அதை 2007-இல் உறுதிசெய்த நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்தில் ஆவணங்கள் கிடைத்தன. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் அவற்றை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவைத்தது.

இன்று எஸ்.எம்.பி. என்ற அந்த மொழி எல்லோருக்கும் தெரியும். ஆப்பிளும் 2013-இல் மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து தன் பழைய பகிர்வு நெறிமுறையான ஏ.எஃப்.பி.யை ஓரம்கட்டி எஸ்.எம்.பி. 2-க்கு வந்துவிட்டது. ஆனாலும் சில நேரம் பகிர்ந்த கோப்புறை (ஷேர்) திறப்பதில்லை. இப்போது தடுப்பது அறியாமை அல்ல, பாதுகாப்பு. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியது எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவினால் அந்த முதல் பதிப்பின் சர்வர் பகுதி வராது. 2019-இல் சாம்பா 4.11-உம் அதை அணைத்துவைத்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 இன்னும் கண்டிப்பானது: அதன் புரோ பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவை ஏற்பதில்லை, ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கேட்கிறது. நேற்றுவரை திறந்த பழைய சேமிப்புப் பெட்டி அப்டேட்டுக்குப் பிறகு திறக்காததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆகவே பழுது பார்க்கும் வரிசையும் மாற வேண்டும். பெயருக்குப் பதில் ஐ.பி. முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். திறந்தால் பகிர்வில் கோளாறில்லை, கண்டுபிடிப்பதில்தான். லினக்ஸ் சர்வரில் டபிள்யூ.எஸ்.டி. அறிவிப்புச் சேவையை ஓடவிட்டால் விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலில் பெயர் வந்துவிடும். திறக்காவிட்டால் 445-ஆம் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரு பக்கமும் எந்தப் பதிப்பில் பேசுகின்றன, பாஸ்வேர்டுள்ள பயனர் கணக்கு இருக்கிறதா என்று.

இந்த வரிசையில் போகப் பொறுமையில்லாமல், எஸ்.எம்.பி. முதல் பதிப்பை மறுபடி இயக்கிவிடச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. ரெஜிஸ்ட்ரியைத் திருத்திய அதே குறுக்கு வழிதான் இது. அன்று பாஸ்வேர்டு மட்டும் வெளியே தெரிந்தது, இன்று அலுவலகத்தின் மொத்தக் கோப்புகளும் பணயமாகலாம். ஸ்கேன் செய்ததை ஷேரில் போடும் பழைய ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும் என்றால், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ பென் டிரைவுக்கோ போகவிடுங்கள். ஒரு இயந்திரத்துக்காக எல்லாக் கணினிகளின் பாதுகாப்பையும் தளர்த்த வேண்டாம்.