முடிவு வரும்வரை

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்லும் நம் மாவட்டப் பெண்கள் பலர். மார்பில் கட்டி தென்பட்டு, திசுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாள்கள் அவர்களுக்குக் கொடியவை.

பொருளியலறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இல் அளவிடக்கூடிய இடரையும் அளவிட இயலாத நிச்சயமின்மையையும் பிரித்துக் காட்டினார். அஞ்சும் மனம் முன்னதைப் பின்னதாக்கிவிடுகிறது. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம் வயதில் நார்க்கட்டிகளே மிகுதி. வயது ஏற ஏற ஐயமும் கூடும் என்பதால் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.

தாமதத்தைத் தீய அறிகுறியாகக் கொள்வதும் பிழை. திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிய பின்னரே நுண்ணோக்கியில் காண இயலும். அதற்குச் சில நாள்கள் ஆகும். சில நேரங்களில் கூடுதல் சாயங்களும் தேவைப்படும்.

கட்டியை மணிக்கொரு முறை அழுத்திப் பார்த்தால் வலி வரும், தெளிவு வராது. நள்ளிரவுக் கைப்பேசித் தேடலும் அத்தகையதே. முடிவு என்று, யாரிடம் கிடைக்கும் என்பதை முன்பே கேட்டுக் குறித்துக்கொள்வது மேல்.

மகளின் கல்யாணப் பேச்சு கெடுமென்று இதை மறைக்கும் வீடுகள் இங்கு உண்டு. மறைக்கப்பட்டவள் தனியே அஞ்சுகிறாள். யாரிடமும் சொல்ல இயலாதவர்கள் அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துப் பேசலாம்.