வெள்ளை அரிசியின் விலை

சங்கக்கடையிலோ சந்தையிலோ அரிசி வாங்கும் ஒருவர், அதன் விலை யாதெனக் கேட்டு, அதனைக் கொடுத்து, பொதியைக் கையிலெடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டோம் என்ற திருப்தி அவருக்கு உண்டு. ஆயின், ஒரு பொருளுக்கு நாம் கடையிற் கொடுக்கும் பணம் ஒன்று. அப்பொருளின் பொருட்டு எங்கோ எவரோ தம் உடலாற் கொடுக்கும் விலை மற்றொன்று. முன்னையது பற்றுச்சீட்டிற் காணப்படும். பின்னையது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. உணவு இயந்திர சாலைகளின் பொருளாக மாறிய காலந்தொட்டு இவ்விரண்டாம் விலை பல இடங்களிற் பல வடிவங்களிற் செலுத்தப்பட்டு வந்துள்ளது. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் நாள்தோறும் உண்ணும் அரிசியே அது.

நெல்லின் அமைப்பைச் சற்று நோக்குவோம். வெளியே உமி, அதனுள்ளே தவிட்டுத் தோல், ஒரு முனையிலே சிறு முளை, நடுவிலே மாப்பொருள். வித்து முளைத்து வளர்வதற்கு வேண்டிய எண்ணெயும் உயிர்ச்சத்துகளும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலுமே அடங்கியுள்ளன. உரலிலிட்டு உலக்கையாற் குற்றி, சுளகிலிட்டுப் புடைத்த அரிசியில் உமி நீங்குமேயன்றித் தவிடு முற்றாக நீங்குவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரங்கூன், பாங்கொக், சைகோன் ஆகிய துறைமுகங்களில் எழுந்த நீராவி ஆலைகளோ தவிட்டையும் முளையையும் ஒருங்கே சுரண்டி, மணியை முத்துப்போலத் தீட்டி வெளியே தள்ளின.

இது வெறும் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. தவிட்டிலுள்ள எண்ணெய் நாட்பட்டாற் சிக்கல் நாற்றம் அடையும். தவிடு நீங்கிய அரிசி கப்பலிலும் பண்டகசாலையிலும் மாதக்கணக்கிற் கெடாதிருக்கும். சுரங்கத்துக்கும், படைக்கும், சிறைச்சாலைக்கும் ஆயிரக்கணக்கான மூட்டைகளை அனுப்பவேண்டிய வணிகனுக்கு இதனினும் ஏற்றதோர் அரிசி வேறில்லை. விலையுங் குறைந்தது, பார்வைக்கும் வெண்மை. வெளுத்ததெல்லாம் பாலன்று என்பதை அறிதற்கு உலகம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆலை அரிசி சென்றவிடமெல்லாம் ஒரு நோயும் பெருகிற்று. முதலிற் கால்கள் மரத்துப்போகும். பின்னர் நடை தளரும். சிலருக்குத் தசைகள் வற்றும். வேறு சிலருக்கு உடல் நீர்கோத்து வீங்கி, மூச்சு முட்டி, இருதயம் திடீரென நின்றுவிடும். இதுவே பெரிபெரி. இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லொன்று இரட்டித்து இப்பெயராயிற்று என்பர்.

யப்பானியக் கடற்படையில் இந்நோய் பெருங்கொள்ளையாக இருந்தது. இலண்டனில் மருத்துவம் பயின்று 1880-ஆம் ஆண்டிலே தாயகம் திரும்பிய தக்காக்கி கனேஹிரோ என்னும் வைத்தியர், ஒரு விந்தையைக் கவனித்தார். ஒரே கப்பலில், ஒரே காற்றைச் சுவாசித்து வாழ்ந்தபோதிலும், மாலுமிகளுக்கு நோய் மிகுதி, அதிகாரிகளுக்கோ அரிது. வேறுபாடு உணவிலேயே இருந்தது. 1882-இற் புறப்பட்டு நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் வழியாகச் சுற்றிவந்த ‘இரியூஜோ’ என்னும் பயிற்சிக் கப்பலில் 376 பேரிருந்தனர். அவர்களுள் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் மாண்டனர். 1884-இல் ‘சுக்குபா’ என்னும் கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்த தக்காக்கி, வெள்ளைச் சோற்றைக் குறைத்து வாற்கோதுமை, இறைச்சி, பால் முதலியவற்றைக் கொடுப்பித்தார். நோயுற்றோர் மிகச் சிலரே, இறந்தவர் ஒருவருமில்லை.

கடற்படை அவர் சொற்கேட்டுப் பிழைத்தது. தரைப்படை கேட்கவில்லை. அங்கிருந்த வைத்தியர்கள், பின்னாளிற் பெரும் எழுத்தாளராகப் புகழ்பெற்ற மோரி ஓகாய் உட்பட, இந்நோய்க்குக் காரணம் கிருமியே என வாதித்தனர். 1904–1905 உருசிய யப்பானியப் போரிலே வெள்ளைச் சோறுண்ட அத்தரைப்படையில் ஏறக்குறைய 27,000 பேர் பெரிபெரியால் இறந்தனர் என்பர். பகைவன் குண்டுக்குத் தப்பியவரைப் பாசறைச் சோறு கொன்றது. தக்காக்கியின் விளக்கமும் முற்றிலும் சரியன்று. புரதக் குறைவே காரணமென அவர் எண்ணினார். எனினும், விளக்கம் தவறாயினும் கண்ணாற் கண்டதை மறுக்காதவர் அவர். கண்டதை மறுத்தவர்களோ கற்ற கொள்கைக்கு அடிமைகளானவர்கள். விஞ்ஞானம் பயிலும் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்க வேறுபாடு இது.

அக்காலத்திலேயே யாவாத் தீவில், பத்தேவியா நகரில், ஈக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியரும் பெரிபெரிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். கிருமி அகப்படவில்லை. ஆனால், அவர் வளர்த்த கோழிகள் காரணமின்றிக் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களின் பின் காரணமின்றியே தேறியும் விட்டன. விசாரித்தபோது, இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோறே கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது தெரியவந்தது. பின்பு புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் அரிசியைச் சிவில் கோழிகளுக்குக் கொடுப்பது முறையன்று என மறுத்துவிட்டாராம். அதன்மேற் கோழிகள் தீட்டாத அரிசியைத் தின்று பிழைத்தன. சமையற்காரரின் கண்டிப்பொன்று மருத்துவ வரலாற்றையே திருப்பிவிட்டது.

கோழிக்கு உண்மையானது மனிதனுக்கும் உண்மையோ என்பதை அறிய, ஈக்மனின் நண்பர் வோர்டர்மன் 1895-இலும் 1896-இலும் யாவா, மதுராத் தீவுகளிலுள்ள 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். அவற்றிலிருந்த கைதிகள் ஏறக்குறைய 2,80,000 பேர். தீட்டிய அரிசி கொடுக்கப்பட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் நோயுற்றிருந்தனர். இருவகையும் கலந்து கொடுக்கப்பட்டவிடத்து 416 பேருக்கு ஒருவர். தீட்டாத அரிசி கொடுக்கப்பட்டவிடத்துப் பத்தாயிரம் பேருக்கு ஒருவர். இக்கணக்குக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அடுத்த காட்சி மலாயாவில் நிகழ்ந்தது. எமது ஊர்களிலிருந்து புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் காரியாலயங்களுக்கும் உத்தியோகந் தேடிப் பலர் சென்ற நாடு அது. அங்கே சீனர், மலாயர், தமிழர் ஆகிய மூவினத்தாரும் அரிசியே உண்டனர். எனினும், வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்கிற் பெரிபெரியால் மடிய, தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. தமிழர் செல்வத்தில் மிக்கவரல்லர், உழைப்பிற் குறைந்தவருமல்லர். இதன் காரணத்தை ஆராய்ந்த பிறடன் என்னும் ஆங்கில வைத்தியர், வேறுபாடு அரிசியிலேயே உள்ளதெனக் கண்டு 1907-இல் நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது சீயத்து ஆலைகளிற் தீட்டிய பச்சையரிசி. மலாயக் குடியானவர் உண்டது வீட்டிலே குற்றிய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

அதே காலத்திற் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையிலே பிளெச்சர் என்னும் வைத்தியர், நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றை எண் பெற்றோரை ஒரு பகுதியிலும் இரட்டை எண் பெற்றோரை மற்றொரு பகுதியிலும் இருத்தினார். முதற் பகுதியினர் 120 பேருக்குச் சீயத்து வெள்ளை அரிசி. இரண்டாம் பகுதியினர் 123 பேருக்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவெல்லாம் ஒன்றே. ஆண்டு முடிவில் முதற் பகுதியிற் பெரிபெரியால் 18 பேர் இறந்திருந்தனர். இரண்டாம் பகுதியில் ஒருவரும் இறக்கவில்லை. பின்னர் பிறேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் வீதி அமைத்த ஏறக்குறைய 300 யாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் ஏறத்தாழ மூன்று மாதத்தில் நோய் தோன்றிற்று. அரிசியை மாற்றியபோது நின்றது. பிரிவுகளை மாற்றியபோது நோயும் இடம்மாறிற்று. 1910-இல் மணிலாவிற் கூடிய கீழைத்தேய வைத்திய மாநாடு, இடையறாது வெள்ளை அரிசி உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டெனத் தீர்மானித்தது.

ஈண்டு ஒரு சொல் கூறாது மேற்செல்லல் தகாது. இவ்வுண்மை நிலைநாட்டப்பட்டது யாருடைய உடலிலே? தம் சம்மதத்தைக் கூறவும் மறுக்கவும் இயலாத மனநோயாளரின் உடலிலும், காட்டிற் கூலிக்குழைத்தோரின் உடலிலுமே. அப்பதினெட்டுப் பேரின் பெயர்களை எந்த நூலும் நினைவுகூர்வதில்லை.

புழுங்கலரிசியின் இரகசியம் யாது? நெல்லை நீரில் ஊறவிட்டு, கிடாரத்திலே அவித்து, பாயிற் பரப்பி உலர்த்திய பின்னரே எம் பாட்டிமார் அதனைக் குற்றினர். ஊறி அவியும்போது தவிட்டிலுள்ள சத்து நீரிற் கரைந்து மணியின் உள்ளே ஊடுருவுகின்றது. பின்பு எவ்வளவு தீட்டினும் அதன் ஒரு பகுதி எஞ்சி நிற்கின்றது. அச்சத்து யாதென்பது பின்னரே தெளிவாயிற்று. கிரைன்ஸ் என்பவர் 1901-இலேயே, பெரிபெரி நஞ்சினால் வருவதன்று, உணவில் ஒன்று இல்லாமையால் வருவது என எடுத்துரைத்தார். இத்தகைய சத்துகளுக்கு 1912-இற் பூங்க் என்பவர் பெயர் சூட்டினார். விற்றமின் என்னுஞ் சொல் அங்ஙனம் பிறந்தது. 1926-இல் யாவாவில் யான்சன், டொனாத் இருவரும் தவிட்டிலிருந்து அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். 1929-இல் ஈக்மனுக்கு நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. 1936-இல் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியை வகுத்தார். இன்று நாம் தயமின் என வழங்குவது அதுவே. உடல் அதனை நெடுநாள் சேமித்துவைப்பதில்லை. உணவில் அது அற்றாற் சில வாரங்களிலேயே இருப்புத் தீர்ந்துவிடும்.

இவ்வளவுங் கூறியதனால் ஆலைகளை மூடிவிட்டு உலக்கையைக் கையிலெடுக்க வேண்டுமென யாரும் கொள்ளற்க. உலக்கைக்கும் ஒரு மறைவிலை இருந்தது. விடியுமுன் எழுந்து தோள் நோகக் குற்றிய பெண்களே அதனைக் கொடுத்தனர். அவர்களுடைய உழைப்பும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. ஆலை அவர்கள் தோளிலிருந்து பெரும்பாரத்தை இறக்கியது. குற்றம் இயந்திரத்தினதன்று. இயந்திரம் எதை நீக்குகிறது, நீக்கியதனால் இழப்பவர் யார் என்று கேளாமல், மூட்டையின் விலையை மட்டும் கேட்டதே குற்றம்.

இழந்தவர் யார் என்பதை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். மாலுமி, போர்வீரன், கைதி, சுரங்கத் தொழிலாளி, மனநோயாளி. இவர்கள் அனைவர்க்கும் பொதுவானது ஒன்றுண்டு. தம் தட்டிலே எது விழவேண்டுமெனத் தீர்மானிக்கும் உரிமை இவர்களுக்கு இருந்ததில்லை. தீர்மானித்தவர்கள் வேறு மேசையிலிருந்து, மீனும் பருப்பும் முட்டையுங் கலந்து உண்டவர்கள். ஆதலால் அதே அரிசி அவர்களை வருத்தவில்லை. வருத்தாமையால் அவர்களுக்கு விளங்கவும் இல்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று ஆறுதலடையலாமோ? 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இந்துசமுத்திரத்தின் நடுவே, சயா டி மல்ஹா என்னும் ஆழங்குறைந்த கடற்பரப்பில் மீன்பிடித்த தாய்லாந்துக் கப்பல்களிற் பெரிபெரி தோன்றிச் சிலர் இறந்தனர். மாதக்கணக்கிற் கரை காணாது, பெரும்பாலும் வெள்ளைச் சோறும் மீனும் உண்டு உழைத்தவர்கள் அவர்கள். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய மீனைப் பிடிக்கச் சென்றவர்கள், தொழிற்சாலை தீட்டிய அரிசியால் மாண்டார்கள். தயமினோ ஒரு சில சதத்துக்கு மாத்திரையாகக் கிடைக்கும் காலம் இது. அறிவு குறைவாயிருந்ததன்று, அவர்களுடைய தட்டை எட்டிப் பார்ப்பார் இல்லாமையே குறை.

கறியும் பருப்பும் சேர்த்துண்ணும் எமது வீடுகளிற் பெரிபெரி இன்று அச்சந் தருவதன்று. ஆயினும் வெண்மை தன் விலையை வேறு வழியிற் கேட்கின்றது. அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்தில் ஐந்து தடவையோ அதற்கு மேலோ வெள்ளை அரிசி உண்போருக்கு, மிக அரிதாக உண்போரைவிட நீரிழிவு வரும் வாய்ப்பு 17 வீதம் மிகுதியெனக் கண்டது. தவிடு நீங்காத அரிசி உண்போரிடையே அவ்வாய்ப்புக் குறைந்திருந்தது. மூன்று வேளையும் சோறும் மாவும் உண்ணும் எமது மக்கள் இதனைப் புறக்கணித்தல் நன்றன்று.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் வைத்தியசாலைகளையும், தோட்டங்களையும், விடுதிகளையும், திணைக்களங்களையும் நிருவகிப்பவர்கள்; இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும் நாளை அவ்விடங்களுக்கு வருவர். உணவு வழங்கும் ஒப்பந்தப் பத்திரம் ஒருநாள் அவர்கள் மேசைக்கும் வரும். அதில் அந்தர் ஒன்றுக்கு இன்ன விலை என ஒரு நிரல் இருக்கும். மற்றை நிரலை எவரும் எழுதி அனுப்பமாட்டார். அதனைத் தாமே எழுந்துசென்று, உண்போர் அமர்ந்திருக்குமிடத்தில் வாசித்தறிதல் வேண்டும். பத்தேவியாவிலே கோழிகளை உற்றுநோக்கிய வைத்தியரும், கப்பலின் இரு மேசைகளையும் ஒப்பிட்டு நோக்கிய வைத்தியரும் செய்தது அவ்வளவே. எங்கள் கல்லூரி எங்களுக்குக் கற்பித்த கணிதமும் அதற்குப் போதுமானதே.