அலமாரியில் இருக்கும் புத்தகம் பரிந்துரையில் ஏன் வருவதில்லை?

சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கிவிட்டது. ஜனவரிக்குள் புத்தகம் கைக்கு வந்தாக வேண்டும் என்று அச்சகத்தை விரட்டிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் எங்களுக்கும் எழுதுகிறார்கள். ‘ஐஎஸ்பிஎன் வாங்கியாயிற்று, தளங்களில் பதிந்தாயிற்று. பெயரைத் தெரிந்துகொண்டு தேடுபவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் என் புத்தகம் படவில்லையே, ஏன்?’ பெரும்பாலான கடிதங்களின் சாரம் இதுதான்.

ஆந்திரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தின் ராமகுப்பத்திலிருந்து வந்த கடிதம் இதையே வாசகர் பக்கமிருந்து கேட்கிறது. வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்த அலமாரி. எந்தத் தளமும் அடுத்து என்ன படிக்கலாம் என்று உருப்படியாகச் சொல்வதில்லை. நண்பர்கள் சேர்ந்து நாங்களே ஒரு தளம் தொடங்கினால் என்ன?

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால், ஒரு கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு தொடங்க வேண்டும்.

‘உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தவை’ என்று தளங்கள் காட்டும் வரிசையை அந்தப் பெயரிலேயே நம்பிவிட வேண்டாம். அதன் அடித்தளமாக இருக்கும் முறையை அமேசான் 1998-லேயே பயன்படுத்தத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் கிரெக் லிண்டன், பிரென்ட் ஸ்மித், ஜெரமி யார்க் ஆகியோர் 2003-ல் அதை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். ஆளோடு ஆளை ஒப்பிட்டால் கோடிக்கணக்கான ஒப்பீடுகள் தேவைப்படும், கணினி திணறும். அதனால் புத்தகத்தோடு புத்தகத்தை ஒப்பிட்டு, அட்டவணையை முன்கூட்டியே போட்டு வைத்தார்கள். உங்கள் ரசனை என்னவென்று அந்த அட்டவணைக்குத் தெரியாது. எந்த இரண்டு புத்தகங்கள் எத்தனை பேரிடம் சேர்ந்தே இருக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும்.

விளக்கத்துக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ ஒரு தளத்தில் 400 பேரிடம் இருக்கிறது. பரபரப்பாக விற்கும் நாவல் ஒன்று 10,000 பேரிடம் இருக்கிறது. இரண்டையும் வைத்திருப்பவர்கள் 200 பேர். சித்தூர் மாவட்டத்துக் கதைகளின் தொகுப்பு ஒன்று வெறும் 25 பேரிடம் இருக்கிறது. அதில் 20 பேரிடம் ‘கோபல்ல கிராமம்’ உண்டு. தலையை மட்டும் எண்ணினால் 200 பெரிது, பரபரப்பு நாவல் ஜெயிக்கும். கணிதம் அங்கே ஒரு நல்ல காரியம் செய்கிறது. இரு புத்தகங்களின் வாசகர் எண்ணிக்கையைப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, பொது வாசகர் எண்ணிக்கையை அதனால் வகுக்கிறது. நாவலுக்கு 200-ஐ 2,000-ஆல் வகுத்தால் 0.10. கதைத் தொகுப்புக்கு 20-ஐ 100-ஆல் வகுத்தால் 0.20. சிறிய புத்தகம் மேலே வந்துவிடுகிறது! ஆந்திரத்திலிருந்து தெற்கே குடிபெயர்ந்தவர்களின் கதையைப் படித்தவருக்கு, எல்லையோர மக்களின் கதை அடுத்ததாகக் கிடைக்கிறது. ஒரு நல்ல நூலகர் செய்திருக்கக்கூடிய பரிந்துரை இது.

சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கும் இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அதே ஆளிடம் இருந்தால் விடை 1. அதாவது முழு மதிப்பெண். ஒரு சமையல் குறிப்பும் ஒரு சட்டப் புத்தகமும் இணைபிரியாத ஜோடி ஆகிவிடும். இந்தக் குளறுபடியைத் தவிர்க்க, தளம் கட்டுபவர்கள் ஒரு கீழ்வரம்பு வைக்கிறார்கள்: பொது வாசகர்கள் ஐந்து பேருக்குக் குறைந்தால் கணக்கிலேயே சேர்க்காதே என்பதுபோல. ஐந்தா, ஐம்பதா என்பது வாசகர் கண்ணில் படுவதில்லை. முதல் பதிப்பே முன்னூறு, ஐந்நூறு பிரதிகள் என்று வரும் தமிழ்ப் புத்தகத்தின் தலைவிதியை அந்த ஓர் எண் தீர்மானிக்கிறது. தமிழும் தெலுங்கும் சேர்த்துப் படிக்கும் எல்லையோர வாசகரின் அலமாரி, இரு மொழி இலக்கியத்தையும் இணைக்கக்கூடிய அரிய தகவல். அவரைப் போன்றவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால் அந்தத் தகவல் இரைச்சல் என்று ஒதுக்கப்படுகிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

கீழ்வரம்பைக் கடக்கக்கூடிய புத்தகத்தையும் நாம் சிதறவிடுகிறோம். ஐஎஸ்பிஎன் ‘தனித்துவ அடையாள எண்’ என்று சொல்லப்படுகிறது. அது அடையாளப்படுத்துவது பதிப்பை, படைப்பை அல்ல. கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறொன்று. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் ‘பொன்னியின் செல்வ’னை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஐந்து பாகங்கள், எத்தனையோ பதிப்பகங்கள். போதாக்குறைக்குத் தமிழ் எழுத்தில் ஒரு பதிவு, ஆங்கில எழுத்தில் நாலு விதமான பதிவுகள். கல்கிக்கு வாசகர் ஏராளம், எப்படியும் தாங்கிவிடுவார். நம் கதைத் தொகுப்பின் நிலையைப் பாருங்கள். அந்த 20 பொது வாசகர்கள் ஐந்து பதிவுகளில் நாலு நாலு பேராகப் பிரிந்துவிட்டால், எந்தப் பதிவும் ஐந்தைத் தொடாது. புத்தகம் தளத்தில் இருக்கும், பரிந்துரையில் வராது. கடிதம் எழுதிய எழுத்தாளர்களில் பலருக்கு இதுவே பதிலாக இருக்கக்கூடும். முதலில் உங்கள் புத்தகம் எத்தனை பதிவுகளாகக் கிடக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. 2005-ல் தொடங்கிய லைப்ரரிதிங் தளத்தில் வாசகர்களே பதிப்புகளை ஒரே படைப்பின் கீழ் இணைக்கிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் ஓபன் லைப்ரரியும் படைப்பு வேறு, பதிப்பு வேறு என்றே பட்டியலிடுகிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், மொத்தத் தரவையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ராமகுப்பம் நண்பர்கள் அங்கிருந்து தொடங்குவதே சரி. குப்பத்தில் 1997-ல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. திராவிட மொழிகளுக்கென அமைந்த நிறுவனம். இரு மொழிப் பட்டியலைச் சரிபார்க்க அங்குள்ள ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்டுப் பார்க்கலாம். கீழ்வரம்புக்குக் கீழே விழும் புத்தகங்களுக்குக் கணக்கை நம்பாமல், படித்தவர் ஒருவர் சொந்தப் பெயரில் ‘இதைப் படித்தவர் அதைப் படியுங்கள்’ என்று காரணத்தோடு எழுதும் இடம் ஒதுக்குங்கள். கீழ்வரம்பு எவ்வளவு என்பதையும் தளத்தின் முகப்பிலேயே போடுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஐஎஸ்பிஎன் வாங்கப் பணம் கட்ட வேண்டுமா? வேண்டாம், இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது.

ஐஎஸ்பிஎன் இருந்தால் தரமான புத்தகம் என்று பொருளா? இல்லை.

வாசகர்கள் புத்தகங்களை மதிப்பிடும் குட்ரீட்ஸ் தளத்தின் தரவை வைத்துத் தளம் கட்டலாமா? 2013-ல் அமேசான் அதை வாங்கியது. 2020 டிசம்பரோடு புதியவர்களுக்குத் தரவு அணுகல் தருவது நின்றுவிட்டது.

நட்சத்திர மதிப்பீட்டை நம்பலாமா? புத்தகம் வெளிவரும் முன்பே மதிப்பிட அனுமதிக்கும் தளத்தில் நம்ப வேண்டாம். போலிக் கணக்குகளால் பிற எழுத்தாளர்களைத் தாழ்த்திய ஒருவரின் ஒப்பந்தத்தை அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று 2023-ல் ரத்து செய்தது.

நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியே ஆக வேண்டுமா? ஆம். 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 50 ரூபாய் வரையும், அதோடு புத்தகத்தின் மதிப்பும்தான் என்பதால் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.