அடுக்களையும் அரியணையும்

ஒரு மொழிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? தொன்மையால் வருகிறது என்பார் சிலர். இலக்கியச் செல்வத்தால் வருகிறது என்பார் வேறு சிலர். இலக்கணக் கட்டுக்கோப்பே காரணம் என்று அடித்துப் பேசும் பண்டிதர்களும் உண்டு. இந்த விடைகளை உரைத்துப் பார்க்க இரண்டு மொழிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ஆப்பிரிக்கான்ஸ். மற்றொன்று, சீன ஆட்சிக்குட்பட்ட சின்ஜியாங்கில் வழங்கும் உய்குர். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனால் இரண்டின் கதையையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை பளிச்சிடும்.

1652-ம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கப்பல்களுக்கு உணவும் தண்ணீரும் ஏற்ற நன்னம்பிக்கை முனையில் ஒரு தங்குதுறை அமைத்தது. அங்கே டச்சு எசமானர்கள் இருந்தனர். கோய்கோய் என்னும் மண்ணின் மக்கள் இருந்தனர். மடகாஸ்கரிலிருந்தும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும், நமது சோழமண்டலக் கரையிலிருந்துங்கூட விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் இருந்தனர். இவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பேசி உருவானதே ஆப்பிரிக்கான்ஸ். வாழைப்பழத்துக்கு அம்மொழியில் 'பீசாங்' என்று பெயர். அது மலாய்ச் சொல். டச்சு மொழியின் வினைத் திரிபுகள் தேய்ந்து உதிர்ந்தன. நான் நடக்கிறேன், நீ நடக்கிறாய், அவன் நடக்கிறான் என்ற அத்தனைக்கும் 'லூப்' என்ற ஒரே வடிவம் போதும்.

சீமான்கள் அதை 'அடுக்களைப் பேச்சு' என்று எள்ளினர். அடுக்களையில் பேசியவர்கள் யார்? அடிமைகளும் வேலைக்காரர்களும்! கேப் டவுன் இசுலாமியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதை அரபு எழுத்தில் எழுதி மதக்கல்வி புகட்டினர். அந்த உழைப்பாளிகளின் பேச்சைத்தான், 1875-ல் பார்ல் நகரில் கூடிய வெள்ளையர் சிலர், 'இது எங்கள் மொழி' என்று உரிமை கொண்டாடினர். 1902-ல் போயர் போர் முடிந்தபின் ஆங்கில ஆட்சி பள்ளிகளில் ஆங்கிலத்தைப் புகுத்தியபோது அவர்கள் கொதித்தெழுந்தனர். 1925-ல் அது ஆட்சிமொழி ஆயிற்று. அரைநூற்றாண்டில் அடுக்களையிலிருந்து அரியணைக்கு!

அரியணை ஏறிய பின் நடந்தது என்ன? 1948-ல் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1974-ல் அந்த அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கறுப்பர் பள்ளிகளில் கணக்கையும் சமூகவியலையும் ஆப்பிரிக்கான்சில் கற்க வேண்டுமாம்! திணிப்பால் புண்பட்டவர்களே திணிக்கத் துணிந்தனர். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். துப்பாக்கி பேசிற்று. பன்னிரண்டே வயதான ஹெக்டர் பீட்டர்சன் என்ற பாலகன் பிணமானான். அன்று மூண்ட கிளர்ச்சியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

இனி உய்குர் மொழியைப் பார்ப்போம். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் அமைப்பு, தமிழனுக்கு வியப்பூட்டும். உறவு மொழியன்று, எனினும் நம்மைப் போலவே வேர்ச்சொல்லோடு ஒட்டுகளைக் கோத்துச் செல்லும் மொழி. 'மெக்தெப்' என்றால் பள்ளி. 'மெக்தெப்லெர்' என்றால் பள்ளிகள். 'மெக்தெப்லெர்தே' என்றால் பள்ளிகளில். வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும்.

தொன்மைக்கும் குறைவில்லை. உய்குர் மக்கள் தம் இலக்கிய முன்னோராகப் போற்றும் யூசுப், அரசியல் அறம் பேசும் 'குதாத்கு பிலிக்' நூலை 1069-ல் முடித்தார். அதையடுத்துச் சில ஆண்டுகளில் மஹ்மூத் காஷ்கரி துருக்கியச் சொற்களுக்குப் பேரகராதி தொகுத்தார். அப்போது ஆப்பிரிக்கான்ஸ் பிறக்கவே இல்லை!

அந்த மொழியின் இன்றைய நிலை என்ன? 1955-ல் தன்னாட்சிப் பகுதி என்று பெயர் சூட்டினர். 1982-ம் ஆண்டு அரசியல் சட்டத்தில், எல்லா இனத்தாரும் தம் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் உரிமை உண்டு என எழுதி வைத்தனர். ஏட்டில் உரிமை, நாட்டில்? இருபதாண்டுக்குள் எழுத்தையே இருமுறை மாற்றினர். 1960-களில் அரபு எழுத்தை அகற்றி இலத்தீன் எழுத்தைப் புகுத்தி, 1982-ல் மீண்டும் அரபு எழுத்துக்கே திரும்பினர். ஒரு தலைமுறை கற்ற எழுத்து அடுத்த தலைமுறைக்கு அந்நியமாயிற்று. 2002 முதல் சின்ஜியாங் பல்கலைக்கழகத்தில் சீனமே பயிற்றுமொழி ஆயிற்று. காஷ்கரில் தாய்மொழி மழலையர் பள்ளி நடத்திய மொழியியல் அறிஞர் அப்துவெலி அயுப், 2013-ல் சிறைப்பட்டார். 2017-ல் ஹோத்தான் வட்டாரப் பள்ளிகளில் உய்குர் மொழிக்குத் தடை வந்தது. சின்ஜியாங் உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி அறவே இல்லை அல்லது பெயரளவில்தான் உண்டு என்று ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர்கள் 2023-ல் எச்சரித்தனர். அரசவையில் ஒலித்த மொழியின் வழிவந்ததை இன்று வீட்டு அடுக்களைக்குள் ஒடுக்குகிறார்கள்.

சீனம் கற்றால்தானே வேலை கிடைக்கும் என்று பீகிங் வாதிடுகிறது. சீனம் கற்க வேண்டாம் என்று யார் சொன்னது? இன்னொரு மொழிக்குச் சன்னல் திறப்பது வேறு. தாய்மொழியை வாசல் வழியே விரட்டுவது வேறு.

ஆகவே, தொன்மை ஒரு மொழியைக் காப்பாற்றவில்லை. இளமை ஒரு மொழியைத் தடுக்கவில்லை. பள்ளியின் சாவி யார் கையில் என்பதே இரண்டின் விதியையும் எழுதிற்று. குற்றம் மொழியினுடையதன்று, அதைச் சாட்டையாக முறுக்கிய கையினுடையது.

இதை நன்கு உணர்ந்தவர்கள் தென்னாப்பிரிக்க மக்கள். 1994-ல் விடுதலை பெற்றபோது ஆப்பிரிக்கான்சை அவர்கள் நாடு கடத்தவில்லை. பதினோரு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக, மற்றவற்றுக்குச் சமமாக உட்கார வைத்தார்கள். இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் வெள்ளையர் அல்லர். அரியணையிலிருந்து இறக்கப்பட்டும் அம்மொழி அழிந்துவிடவில்லை.

அந்த மொழிக்குக் கிட்டிய சம ஆசனம் உய்குர் மொழிக்கும் கிட்ட வேண்டும். மேலே அல்ல, கீழேயும் அல்ல, பக்கத்தில். அது எங்கே தொடங்க வேண்டும் என்பதை அம்மொழியின் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: மெக்தெப்லெர்தே. பள்ளிகளில்!