கருஞ்சீரகம்: கறுப்பாக இருந்தால் மட்டும் போதுமா?

நெல்லில் பொன்னி, சீரகச் சம்பா என்று ரகம் பார்த்து அரிசி வாங்குகிறோம். கருஞ்சீரகம் என்றால் மட்டும் கறுப்பாக இருந்தால் சரி என்று பொட்டலத்தை வாங்கி வந்துவிடுகிறோம். அதிலும் ரகங்கள் உண்டு, சகோதரிகளே!

நம் கடைகளுக்குக் கருஞ்சீரகம் பெரும்பாலும் வடக்கேயிருந்துதான் வருகிறது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசப் பக்கங்களில் அது குளிர்காலப் பயிர். 'கலௌஞ்சி' என்பார்கள். ஐப்பசி வாக்கில் விதைத்தால் நாலரை, ஐந்து மாதத்தில் அறுவடை. அஜ்மீர் ஆராய்ச்சி மையத்தின் 'அஜ்மீர் நைஜெல்லா 1', கான்பூரின் 'ஆசாத் கலௌஞ்சி', பந்த்நகரின் 'பந்த் கிருஷ்ணா' ஆகியவை பெயர்பெற்ற ரகங்கள்.

விவசாயி முதலில் பார்ப்பது விளைச்சலை. நன்றாகக் கவனித்தால் ஹெக்டேருக்கு 8 முதல் 10 குவிண்டால் வரை கிடைக்கும். எடைக்குத்தானே அவருக்குக் காசு! நமக்கு வேண்டியதோ விதைக்குள் இருக்கும் எண்ணெய். 100 கிராம் விதையில் 30 முதல் 40 கிராம் வரை கொழுப்பெண்ணெய் இருக்கிறது. மணம் தரும் எண்ணெயோ அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம்தான். மருத்துவ குணத்துக்குப் பேர்போன தைமோகுவினோன் இந்தத் துளியில்தான் இருக்கிறது.

இந்தத் துளி ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் மாறும். அதிகம் விளைகிற ரகத்தில் மணமும் அதிகம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, காய் முற்றினால் வெடித்து விதை கொட்டிவிடும். அதற்குப் பயந்து முன்னதாகவே அறுத்துவிட்டால், முற்றாத விதையில் எண்ணெய் குறைந்துபோகும்.

கடைக்காரரிடம் ரகத்தின் பெயர் கேட்டால் அவருக்கே தெரியாது. அதனால் நான் மூக்கைத்தான் நம்புகிறேன். என் ஓர்ப்படி இரண்டு கடைப் பொட்டலங்களைக் கொண்டுவந்து, "எது அக்கா நல்லது?" என்று கேட்டாள். இரண்டிலும் கொஞ்சம் எடுத்து அம்மியில் நுணுக்கினோம். ஒன்று ஓமமும் மிளகும் கலந்த மாதிரி கமகமவென்றது. இன்னொன்றில் வாசனையே இல்லை. நல்ல விதை மூன்று பட்டையாக இருக்கும். உடைத்தால் உள்ளே வெண்மை. காகிதத்தில் அழுத்தினால் எண்ணெய்க் கறை படியும். வெங்காய விதையும் கறுப்புத்தான், ஆனால் அதில் இந்த மணம் வராது.

எண்ணெயாக வாங்குகிறீர்களா? ஒரு கணக்குப் போடுங்கள். செக்கில் ஆட்டினால் ஒரு கிலோ விதைக்குச் சுமார் கால் கிலோ எண்ணெய்தான் தேறும். அப்படியென்றால் ஒரு கிலோ எண்ணெய்க்கு நாலு கிலோ விதையின் விலையாவது ஆகவேண்டும். அதைவிட மலிவாகக் கொடுத்தால், வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். சூடுபடுத்தாமல் ஆட்டிய எண்ணெயில்தான் மணம் தங்கும். வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் கறுப்பு நிறச் சீசாவில், கொஞ்சமாக வாங்குவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் கர்ப்பிணிகள் இதை மருந்தாக உட்கொள்ள வேண்டாம். கைக்குழந்தைக்கும் புகட்ட வேண்டாம். இது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கக் கூடியது. அவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, இதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் கூடாது. சமையலில் ஒரு சிட்டிகை தாளித்துச் சேர்ப்பதற்குத் தடையில்லை.