ஊக்கமும் ஊக்க மருந்தும்

பழுதுபட்டுப்போன தமிழ்ச் சொற்களுக்கு யாராவது ஒரு பட்டியல் போட்டால் ‘ஊக்கம்’ என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். திருக்குறளின் 60ஆவது அதிகாரம் ஊக்கமுடைமை. ஒருவனுக்குச் சொந்தமென்று சொல்லத்தக்கது அவனது உள்ளத்தின் ஊக்கம் மட்டுமே என்று சொல்கின்ற அதிகாரம் அது. வகுப்பில் அதைப் படிப்பித்துவிட்டு மைதானத்துக்கு இறங்கினால், அதே சொல் மருந்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து வரவேண்டியதைப் போத்தலிலிருந்து எடுப்பதற்கும் நாம் ஊக்கம் என்றே பெயர் வைத்திருக்கிறோம்.

எங்கள் பாடசாலையில் மாகாண மட்ட ஓட்டப் போட்டிக்குத் தெரிவான மாணவன் ஒருவன், ஒரு நாள் பிளாஸ்டிக் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். டின்னில் புஜம் பெருத்த ஒரு மனிதனின் படம். உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை.

“ஜிம்ல உள்ள நானா ஒருத்தர் தந்தாரு சேர். குடிச்சா ஓட்டம் கூடுமாம். புடிபடவும் மாட்டாதாம்.”

ஓட்டம் கூடுமா என்பதல்ல, பிடிபடாது என்பதுதான் எனக்கு உறுத்தியது. அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் திகதி. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீற்றர் இறுதி ஓட்டம். நான் அப்போது உயர்தர வகுப்பு மாணவன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்க இடமில்லாமல் நின்றுகொண்டே பார்த்தோம். அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 செக்கனில் முதலாவதாக வந்தார். பஹாமாஸ் நாட்டின் போலின் டேவிஸ் தொம்சனுக்கு 22.27 செக்கன். எங்கள் சுசந்திகா ஜயசிங்ஹவுக்கு 22.28. செக்கனில் நூறில் ஒரு பங்கால் வெள்ளி போனது. ஆனாலும் 1948இல் லண்டனில் டங்கன் வைற் வென்ற வெள்ளிக்குப் பின்னர், 52 வருடங்கள் கழித்து இலங்கைக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. இனம் மொழி பாராமல் ஊரே சந்தோசப்பட்டது.

அன்று நாம் பார்த்தது உண்மையான போட்டியல்ல என்பது ஏழு வருடங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஊக்க மருந்து என்பது ஒரு தனி மருந்தல்ல. வேக ஓட்டக்காரர்களும் பாரம் தூக்குபவர்களும் அதிகம் நாடுவது அனபொலிக் ஸ்டீரொய்ட் வகை. ஆணின் உடம்பில் இயல்பாகவே சுரக்கும் டெஸ்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோனைப் பார்த்துச் செய்யப்பட்டவை இவை. தசைகளில் புரதம் உருவாவதைக் கூட்டும். கடும் பயிற்சியில் களைத்த தசை சீக்கிரம் தேறும். ஆகவே, மற்றவர் ஓய்வெடுக்க வேண்டிய நாளிலும் இவரால் பயிற்சி செய்ய முடியும். நெடுந்தூரம் ஓடுவோரும் சைக்கிளோட்டக்காரரும் நாடுவது ஈ.பீ.ஓ. அது செங்குருதிக் கலங்களைப் பெருக்கி, இரத்தம் சுமக்கும் ஒட்சிசனின் அளவைக் கூட்டுவது. இவற்றுக்கெல்லாம் உடம்பு பிறகு விலை கொடுக்கும். ஸ்டீரொய்ட் ஈரலையும் இதயத்தையும் தாக்கும், ஈ.பீ.ஓ. இரத்தத்தைத் தடிப்பாக்கி அடைப்பை உண்டாக்கும்.

பரிசோதனை எப்படி நடக்கிறது? வீரரின் சிறுநீர் அதிகாரி ஒருவரின் கண்முன்னே பெறப்பட்டு இரண்டு போத்தல்களில் முத்திரையிடப்படும். முதலாவதில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், வீரர் கேட்டுக்கொண்டால் இரண்டாவதும் சோதிக்கப்படும். ஒவ்வொரு பொருளின் மூலக்கூறுக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் உண்டு. ஆய்வுகூடத்தின் இயந்திரம் தனக்குத் தெரிந்த கைரேகைகளைத்தான் தேடும். தெரியாத கள்ளன் வாசலால் வந்தாலும் அதற்குத் தெரியாது.

அந்தத் தெரியாத கள்ளனைத்தான் கலிபோர்னியாவில் இருந்த பால்கோ என்ற நிறுவனம் விநியோகித்தது. அதன் தலைவர் விக்டர் கொன்டே. மருந்தைத் தயாரித்தவர் பற்றிக் ஆர்னல்ட் என்ற இரசாயனவியலாளர். பெண்களின் கருப்பை சார்ந்த நோயொன்றுக்குக் கொடுக்கப்படும் ஜெஸ்ட்ரினோன் என்ற மருந்தில் சிறு மாற்றம் செய்து, டெட்ராஹைட்ரோஜெஸ்ட்ரினோன் என்ற புதிய ஸ்டீரொய்டை அவர் உருவாக்கினார். சுருக்கமாக டி.எச்.ஜி. நாக்குக்கு அடியில் சில துளிகள் விட்டால் போதும். வழக்கமான சோதனைக்குச் சிறுநீரைத் தயார்படுத்தும்போதே அது சிதைந்துவிடும். தடயமே கிடையாது. அதனால் அவர்களுக்குள் அதன் பெயர் ‘கிளியர்’.

2003இல் ஒரு பயிற்றுநர் தன் பெயரைச் சொல்லாமல், இந்த மருந்து ஒட்டியிருந்த ஒரு சிரிஞ்சை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பி வைத்தார். அவர் ட்ரெவர் கிரஹாம். மரியன் ஜோன்ஸின் முன்னாள் பயிற்றுநரே அவர்தான். லொஸ் ஏஞ்சலிஸில் டொன் கட்லின் தலைமையிலான ஆய்வுகூடம், சிரிஞ்சில் எஞ்சியிருந்ததிலிருந்து அந்த மூலக்கூறின் அமைப்பைக் கண்டுபிடித்தது. இயந்திரத்துக்குப் புதிய கைரேகை கிடைத்தது. அதே வருடம் செப்டம்பரில் பால்கோ முற்றுகையிடப்பட்டது.

மரியன் ஜோன்ஸ் விசாரணையாளர்களிடம் மறுத்தார். 2007 ஒக்டோபரில்தான் நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னார்: 2000 செப்டம்பர் முதல் 2001 ஜூலை வரை அந்த மருந்தைப் பாவித்திருக்கிறார். ஆளிவிதை எண்ணெய் என்று நினைத்தே எடுத்ததாகவும் சொன்னார். பொய் சொன்ன குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. சிட்னியில் பெற்ற ஐந்து பதக்கங்களும் போயின.

2009 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு பதக்கங்களை மாற்றி வழங்கத் தீர்மானித்தது. 200 மீற்றரில் டேவிஸ் தொம்சனுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, நான்காவதாக வந்த ஜமைக்காவின் பெவர்லி மக்டொனால்டுக்கு வெண்கலம். 100 மீற்றரிலோ தங்கம் ஒருவருக்கும் கொடுபடவில்லை. இரண்டாவதாக வந்த கிரேக்க வீராங்கனை கத்தரீனா தானூ, 2004 ஏதன்ஸ் ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் பரிசோதனைக்கு வராமல் தவறியவர். அந்த ஓட்டத்தில் முதலிடம் இன்றுவரை வெறுமையாகவே கிடக்கிறது.

இந்தக் கதையில் மக்டொனால்டைத்தான் நான் அடிக்கடி நினைப்பது. சுசந்திகாவாவது மேடையில் ஏறினார், கொடி ஏறியதைக் கண்டார். நான்காவதாக வந்தவர் வெறுங்கையோடு மைதானத்தை விட்டுப் போனார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு பதக்கத்தைக் கொடுக்கலாம். அந்தப் பின்னேரத்தைக் கொடுக்க முடியுமா? கடையில் நிறுவை குறைத்தால் மீதியை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க வழியுண்டு. இந்த நிறுவையில் அந்த வழி இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மருந்தைப் பிடிக்கும் வலை, குற்றமற்றவரின் காலையும் சிக்கவைக்கும். சுசந்திகா மீதே 1998இல் நன்ட்ரலோன் பாவித்ததாகக் குற்றச்சாட்டு வந்தது, பின்னர் விடுவிக்கப்பட்டார். கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட பொருள் இருப்பதாக கட்டாரில் உள்ள ஆய்வுகூடம் ஒன்று அறிக்கையிட்டது. 2015 டிசம்பரில் அவர் இடைநிறுத்தப்பட்டார். 2016 மே மாதம் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அதற்கிடையில் இருபதுக்கு 20 உலகக் கிண்ணம் அவரில்லாமலே முடிந்துபோனது. அவருக்கும் யாரும் அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

உபுல் தரங்கவின் விடயம் வேறு விதம். 2011 உலகக் கிண்ணத்தின்போது தோள்பட்டை நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தில் பிரெட்னிசலோன் கலந்திருந்தது. திறமையைக் கூட்டும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை என்று விசாரித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் மூன்று மாதத் தடை. சட்டம் இதில் கறார்: உன் உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு நீயே பொறுப்பு. ‘தெரியாமல் குடித்தேன்’ என்பது தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தை இல்லாமல் ஆக்காது. இலங்கையிலும் 2013இன் 33ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த மாணவன் சொன்னான்:

“ஆனா சேர், எங்கட மீட்டுக்கெல்லாம் யாரு வந்து செக் பண்ணப் போறாங்க?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடவே ஆளில்லாமல் நாங்கள் படும் பாடு அவனுக்குத் தெரியும். சிறுநீர்ப் போத்தலோடு ஓர் அதிகாரி அங்கே வருவது நடக்காத காரியம். டி.எச்.ஜி.யும் ஒரு சிரிஞ்ச் தபாலில் வரும்வரை பிடிபடவில்லைதானே. பரிசோதனையை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால் பிள்ளைகள் பரிசோதனையை ஏமாற்றத்தான் பழகுவார்கள்.

நான் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். வலய மட்டத்தில் நீ முதலாவதாக வந்தபோது இரண்டாவதாக வந்தவன் யார்?

பக்கத்துப் பாடசாலைப் பையன் ஒருவனின் பெயரைச் சொன்னான். செருப்பில்லாமல் ஓடுகிறவன் என்றும் சொன்னான். இருவரும் சிநேகிதர்கள்.

“அவனுக்கிட்ட இந்த டின்னக் காட்டிட்டு ஓடுவியா?”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு டின்னை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். மாகாணப் போட்டியில் அவனுக்கு ஐந்தாமிடம். அந்த ஐந்தாமிடம் முழுக்க அவனுடையது. அடுத்த நாள் வகுப்பில் ஊக்கமுடைமை அதிகாரம் வந்தபோது, அவனையே எழும்பி வாசிக்கச் சொன்னேன்.