ஒரு வாக்கில் தோற்ற புலி

1886-ஆம் ஆண்டு டாஸ்மேனியத் தீவின் நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் ஜான் லைன் என்ற உறுப்பினர். ஆடுகளைத் தின்று தீர்க்கும் டாஸ்மேனியப் புலியைக் கொல்பவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. ஆதரவாக 12 பேர், எதிராக 11 பேர். ஒரே ஒரு வாக்கு ஆதரவுப் பக்கம் கூடிவிட்டது.

1888 முதல் வளர்ந்த விலங்குக்கு 1 பவுண்டு, குட்டிக்கு 10 ஷில்லிங். காட்டோரம் ஆடு மேய்த்தவர்களுக்கும் கண்ணி வைத்துப் பிழைத்தவர்களுக்கும் அது பெரிய பணம். 1909 வரை அரசு 2,184 விலங்குகளுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. கணக்கில் வராமல் தனியார் பண்ணைகளில் கொல்லப்பட்டவை வேறு.

புலி என்று அழைக்கப்பட்டாலும் தைலசின் என்ற இந்த விலங்கு புலி இனமல்ல. முகம் நாயைப்போல இருந்தாலும் நாயினமும் அல்ல. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் பைப்பாலூட்டி அது. முதுகின் பின்பாதியில் வரிசையாக இருந்த கருங்கோடுகள்தான் அதற்குப் புலி என்ற பெயரை வாங்கித் தந்தன. இந்த விலங்கு ஒருகாலத்தில் ஆஸ்திரேலியா முழுக்க வாழ்ந்தது. வடக்கே ககாடுவின் பாறை ஓவியங்களில் அதை இன்றும் பார்க்கலாம். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் பெருநிலத்தில் அது மறைந்துபோனது. டிங்கோ நாய்களின் வரவு, பெருகிய மனிதர்கள், மாறிய மழை என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே கடல் உயர்ந்து டாஸ்மேனியா தனித்தீவாகிவிட்டதால் டிங்கோ அங்கே போய்ச் சேரவில்லை. புலி அங்கே பிழைத்துக் கிடந்தது, ஐரோப்பியர் ஆடுகளோடு வந்து இறங்கும்வரை.

முதலில் விலை வைத்தது அரசு அல்ல, வான் டீமன்ஸ் லேண்ட் கம்பெனி. லண்டனில் பணம் திரட்டி, தீவின் வடமேற்கில் கம்பளி ஆடு வளர்க்க வந்த நிறுவனம் அது. குளிரும் ஈரமும் மிகுந்த அந்த மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வீட்டிலிருந்து ஓடிக் காட்டில் திரிந்த நாய்கள் ஆடுகளைக் கடித்தன. திருட்டும் நடந்தது. பழி மட்டும் புலியின் மேல் விழுந்தது. 1830-இல் கம்பெனி அதன் தலைக்கு விலை அறிவித்தது. அதே ஆண்டில்தான் தீவின் ஆளுநர் ஜார்ஜ் ஆர்தர், மண்ணின் பூர்வகுடிகளைப் பிடித்துத் தருபவர்களுக்குப் பெரியவருக்கு 5 பவுண்டு, குழந்தைக்கு 2 பவுண்டு என்று அறிவித்தார். இந்த இரண்டு அறிவிப்புகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள், அதில் ஏற்கெனவே வாழ்ந்த எல்லா உயிர்களையும் தடையாகவே கண்டார்கள்.

தைலசின் அவ்வளவு ஆடுகளைக் கொன்றிருக்குமா? 2020-இல் வெளியான ஓர் ஆய்வு அதன் சராசரி எடை சுமார் 17 கிலோதான் என்று கணக்கிட்டது. மண்டையோட்டை ஆராய்ந்தவர்களும் அதன் தாடை பெரிய இரையை அடக்கும் வலுக்கொண்டதல்ல, சிறு விலங்குகளைப் பிடிக்கவே ஏற்றது என்கிறார்கள். எப்போதாவது ஓர் ஆட்டை அது பிடித்திருக்கலாம். ஒரு தொழிலையே அழிக்கும் எதிரியாக அதைக் காட்டியது அப்பட்டமான அநியாயம்.

1900-இல் சுமார் 150 விலங்குகளுக்குப் பணம் தரப்பட்டது. 1909-இல் இரண்டுக்கு மட்டுமே. இந்த வீழ்ச்சிக்குத் துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் காரணமல்ல. காடு சுருங்கியது, நோய் ஒன்று பரவியதாகவும் அக்காலக் குறிப்புகள் உண்டு. தீவுக்குள் அடைபட்ட இனம் என்பதால் மரபணு வேறுபாடும் ஏற்கெனவே குறைவு. ஆனாலும் நோயைச் சேர்க்காமலே, வேட்டையும் வாழிட இழப்புமே இந்த இனத்தை முடித்திருக்கப் போதுமானவை என்று 2013-இல் ஒரு கணிப்பு காட்டியது. எண்ணிக்கை குறையக் குறைய விலங்குக்காட்சி சாலைகளும் போட்டி போட்டு வாங்கின. கூண்டில் அவை பெருகவில்லை.

1933-இல் ஹோபார்ட் நகரின் பியூமரிஸ் விலங்குக்காட்சி சாலையில் டேவிட் ஃப்ளே எடுத்த கறுப்பு வெள்ளைப் படச்சுருள் இருக்கிறது. கம்பி வலைக்குள் அந்த விலங்கு இங்கும் அங்கும் நடக்கிறது. வால் நாயின் வாலைப்போல ஆடுவதில்லை, விறைப்பாக நீள்கிறது. படுக்கிறது, எழுகிறது. திடீரென்று கொட்டாவி விடுகிறது. அந்த வாய் திறந்துகொண்டே போகிறது, இவ்வளவு அகலமாகத் திறக்குமா என்று தோன்றும் அளவுக்கு.

1936 ஜூலை 10 அன்று அரசு தைலசினைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக அறிவித்தது. 59 நாட்கள் கழித்து, செப்டம்பர் 7 அன்று, அதே காட்சி சாலையில் அறியப்பட்ட கடைசித் தைலசின் இறந்தது. அது ஒரு கிழப் பெண் விலங்கு. அதன் உடல் டாஸ்மேனிய அருங்காட்சியகத்துக்குப் போனது, ஆனால் முறையாகப் பதிவாகவில்லை. அதன் தோலைப் பள்ளிகளுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார்கள். எலும்பும் தோலும் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன என்பது 2022-இல்தான் தெரியவந்தது.

மரபணுவைக் கொண்டு இந்த விலங்கை மீண்டும் உருவாக்கும் முயற்சி மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. அதில் எனக்கு ஆர்வம் உண்டு, நம்பிக்கை குறைவு. என் கவலை எல்லாம் அதே தீவில் இன்றும் உயிரோடிருக்கும் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கைப் பற்றியது. 1830-இல் கம்பெனி அதன் தலைக்கும் விலை வைத்திருந்தது. 1941-இல், இன்னும் போதுமான விலங்குகள் காட்டில் இருந்தபோதே, சட்டப் பாதுகாப்பு கிடைத்ததால் அது தப்பியது. 1996 முதல் முகத்தில் வரும் தொற்றுப் புற்றுநோய் அதைக் கொன்று குவிக்கிறது. நோயில்லாத விலங்குகளைத் தனியே வளர்த்துக் காக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பணமும் ஆட்களும் முதலில் போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான்.